விறகின் எடை எங்கிருந்து வந்தது? முதலாம் வருட உயிரியல் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும்

திருகோணமலையில் பல்கலைக்கழக முதலாம் வருட மாணவர்களுக்கு உயிரியல் செய்முறை வகுப்பு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஆய்வுகூட மேசையின் மீது இரண்டு பொருள்களை வைப்பது என் வழக்கம். ஒன்று பாலைப்பழத்தின் விதை, சுண்டு விரல் நுனியில் நிற்கக்கூடியது. மற்றது பாலை விறகுத் துண்டு, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். இந்த விதையிலிருந்துதான் இந்த மரம் வந்தது என்றால், விதையில் இல்லாத இவ்வளவு எடையும் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்று கேட்டு, விடையைப் பெயர் எழுதாமல் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வேன்.

தாள்களில் பெரும்பாலும் ‘மண்ணிலுள்ள சத்து’ என்று இருக்கும். அடுத்தபடியாகத் ‘தண்ணீர்’. சிலர் ‘சூரிய ஒளி’ என்று எழுதுவார்கள். காற்று என்று எழுதுபவர்கள் ஓரிருவர்தான், அவர்களும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார்கள். இதற்குப் பிறகு ஒளித்தொகுப்பின் சமன்பாட்டை எழுதச் சொன்னால் அத்தனை பேரும் பிழையில்லாமல் எழுதி, சமப்படுத்தியும் காட்டுவார்கள். காபனீரொட்சைட்டு இடப்பக்கம், குளுக்கோசு வலப்பக்கம். உயர்தரத்தில் உயிரியலுக்கு நல்ல சித்தி பெற்று வந்த பிள்ளைகள் இவர்கள். சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தச் சமன்பாடு தான் உட்கார்ந்திருக்கும் மரக் கதிரையைப் பற்றியது என்று தெரியவில்லை. இதை நான் மாணவரின் குறையாகப் பார்க்கவில்லை. விடைத்தாளில் புள்ளி தரும் இடத்துக்கு அப்பால் அந்தச் சமன்பாட்டை அவர்கள் ஒருநாளும் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மருத்துவம், தாதியியல், விவசாயம், கடலியல் என்று எந்த வழியில் போனாலும் அதன் அத்திவாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால், இதைக் கவனிக்காமல் விடுவது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

“காற்றுக்கு எங்க மிஸ் எடை?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அது நல்ல கேள்வி. எங்கள் வகுப்பறையை அளந்து பார்த்தால் நீளம் 10 மீற்றர், அகலம் 8, உயரம் 3 என்று வருகிறது. அதாவது 240 கன மீற்றர். எங்களூர் வெப்பத்தில் அவ்வளவு காற்றின் எடை ஏறத்தாழ 280 கிலோகிராம். அதில் காபனீரொட்சைட்டு கனவளவில் நூற்றில் 0.04 பங்குதான் என்பதால், அறை முழுவதிலும் இருப்பது 180 கிராமுக்குக் கிட்ட, அதற்குள் இருக்கும் காபன் 50 கிராம் அளவில் வரும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விப்பேன். எடையில்லாதது என்று அவர்கள் நினைத்த காற்றில் ஒரு கைப்பிடி கரி மிதந்துகொண்டிருப்பதைத் தங்கள் கையால் கணக்கிட்ட பிறகுதான், பாலை மரம் இலை விரித்து நிற்பது எதற்காக என்ற எண்ணம் அவர்களுக்கு வருகிறது.

இந்தத் தடுமாற்றம் எங்கள் பிள்ளைகளோடு தொடங்கியதும் அல்ல. யான் பப்டிஸ்ட் வான் ஹெல்மொன்ட் என்பவர் நன்கு உலர்த்திய 200 இறாத்தல் மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். முடிவில் மரம் 169 இறாத்தலுக்கு மேல் இருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தபோது ஏறத்தாழ இரண்டு அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. மண் மரமாகவில்லை என்று அவர் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் மரம் முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிட்டார். இதே மனிதர்தான் 62 இறாத்தல் மரக்கரியை எரித்து, ஓர் இறாத்தல் சாம்பல் மட்டும் மிஞ்சியதைப் பார்த்து, மீதி கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளாக வெளியேறியது என்று எழுதி, அதற்கு ‘காஸ்’ என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர். அவருடைய எழுத்துகள் 1648 இல், அவர் இறந்த பின்னர்தான் வெளிவந்தன. மரத்திலிருந்து வெளியேறிய அந்த வாயுதான் மரத்துக்குள் நுழைந்ததும் என்ற ஓர் எட்டை மட்டும் அவர் எடுத்து வைக்கவில்லை. அவ்வளவு நுணுக்கமாக நிறுத்துப் பார்த்த ஒருவருக்கே காற்று கண்ணில் படவில்லை என்றால், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் படாமல் போனதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

தண்ணீரின் பங்கையும் சரியாகச் சொல்ல வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீராக இருக்கலாம். உலர்ந்த விறகில் அது இல்லை. உலர்ந்த தாவரப் பொருளில் காபன் நூற்றில் 45 பங்கு அளவிலும், ஒட்சிசனும் ஏறத்தாழ அதே அளவிலும், ஐதரசன் 6 பங்கு அளவிலும் இருக்கும். 1941 இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்களோடு பணியாற்றியவர்களும் எடை கூடிய ஒட்சிசன் அணுக்களை அடையாளமாக வைத்துச் செய்த பரிசோதனைகள், தாவரம் வெளிவிடும் ஒட்சிசன் தண்ணீரிலிருந்து வருகிறது என்று காட்டின. அப்படியானால் விறகுக்குள் தங்கியிருக்கும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டோடு வந்தது என்றாகிறது. ஆக, காபனும் ஒட்சிசனுமாகச் சேர்த்து அந்த விறகின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு காற்றிலிருந்து வந்தது. ஐதரசனைத் தண்ணீர் கொடுத்தது. மண் கொடுத்தது மிகச் சிறிது. ஆனால் அந்தச் சிறிது இல்லாமல் மரம் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். சூரிய ஒளி எடை எதையும் கொடுக்கவில்லை, இவற்றைத் தொடுப்பதற்கான சக்தியைத்தான் கொடுத்தது. ‘ஒளித்தொகுப்பு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒளியே தொகுக்கப்படுகிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒளியைக் கொண்டு எதை எதோடு தொகுக்கிறது என்று ஆசிரியர் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று கேட்டால், பாதிக் குழப்பம் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மறுபாதிக் குழப்பம் சுவாசத்தில் இருக்கிறது. தாவரம் பகலில் ஒளித்தொகுப்பும் இரவில் சுவாசமும் செய்யும் என்று எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். தாவரக் கலத்தில் சுவாசம் நடக்கும் இடமான இழைமணிகள் இருக்கின்றன என்று படம் கீறி அடையாளமிட்டவர்களும் அவர்களே. இழைமணி பகலில் உறங்குவதில்லை. இதற்கு நான் பயற்றைத்தான் நம்பியிருக்கிறேன். ஒரே எடையுள்ள மூன்று பங்கு பயற்றை எடுத்து, ஒன்றைக் காய்ந்தபடியே விட்டு, மற்ற இரண்டையும் ஈரப் பஞ்சில் பரப்பி, ஒரு தட்டை யன்னலோர வெளிச்சத்திலும் மற்றதை இருட்டு அலுமாரியிலும் பத்து நாள் வைக்கிறோம். பிறகு மூன்றையும் கனலடுப்பில், எடை மேற்கொண்டு குறையாது நிற்கும்வரை உலர்த்தி நிறுக்கிறோம். காய்ந்த பயற்றிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் அதையும் உலர்த்தினால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். இருட்டில் நீண்டு வெளிறி வளர்ந்த முளைகளைப் பார்க்கும்போது, இதுதான் கூடுதலாக நிறுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். தராசில் அதுவே எல்லாவற்றிலும் குறைவாக நிற்கும், முளைக்காத பயற்றை விடவும் குறைவாக. ஒரு முறை ஒரு மாணவன் தராசு பிழை என்று சொல்லி மூன்று தடவை நிறுத்தான். வித்திலையில் இருந்த மாப்பொருளைச் சுவாசித்து, காபனீரொட்சைட்டாகக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துத்தான் அந்த முளை நீண்டது என்பதை அவன் மூன்றாவது தடவை நிறுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

பனங்கிழங்கைப் பற்றி நினைத்தால் இந்த வகுப்பு எங்கள் வீடுகளிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும். நிலாவெளிப் பக்கத்து மணற்காணியில் பாத்தி போட்டு அடுக்கிய பனங்கொட்டை முளைவிட்டு, மூன்று நான்கு மாதத்தில் மணலுக்குள் கிழங்காகிறது. இடையில் கொட்டையைப் பிளந்தால், கல்லைப் போல் இருந்த பருப்பு கரைந்துகொண்டிருக்க, நடுவில் பஞ்சு போன்ற பூரான் வளர்ந்திருக்கும். சிறுவயதில் நாங்கள் அடிபட்டுத் தின்ற அந்தப் பூரான்தான், கொட்டைக்குள் இருக்கும் சேமிப்பைக் கரைத்து உறிஞ்சிக் கிழங்குக்கு அனுப்பும் உறுப்பு. இலை வெளிச்சத்தைப் பார்ப்பதற்கு முன்னர் கிழங்கில் சேரும் மாப்பொருள் முழுவதும் கொட்டைக்குள்ளிருந்து போனதே. கிழங்கைப் பிடுங்கும்போது வெறும் ஊமல் மிஞ்சுகிறது. ஊமலையும் கிழங்கையும் நன்றாக உலர்த்திச் சேர்த்து நிறுத்தால், முதலில் இருந்த உலர்ந்த கொட்டையின் எடை வராது. குறைந்த பங்கு சுவாசத்தில் காற்றுக்குப் போயிற்று.

மனித உடம்புக்கும் இதே கணக்குத்தான். உடற்பயிற்சி செய்து மெலிந்தவருடைய கொழுப்பு எங்கே போயிற்று என்று கேட்டால், வியர்வையாகப் போயிற்று, சக்தியாக மாறிற்று என்று அறிவியல் மாணவர்களே சொல்கிறார்கள். அணுக்கள் சக்தியாக மாறுவது இந்த இடத்தில் நடக்காத காரியம். 2014 இல் ரூபன் மீர்மனும் அன்ட்ரூ பிரவுனும் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் காட்டிய கணக்கின்படி, 10 கிலோ கொழுப்பு முழுவதும் ஒட்சியேற்றப்பட்டால் அதில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் வெளியேறுகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. கொழுப்பை வியர்வையில் உருக்கி எடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் இடுப்புப் பட்டிகளுக்கும் தேநீர்ப் பொடிகளுக்கும் காசு கொடுப்பதற்கு முன்னர், உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால், அவர் வாங்கிய புள்ளி எவ்வளவாக இருந்தாலும் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தம்பலகாமத்தில் வயல் செய்யும் ஒரு குடும்பத்துப் பிள்ளை, “மரம் காற்றிலயிருந்துதான் வருதெண்டால் அப்பா ஏன் மிஸ் யூரியாவுக்கு இவ்வளவு காசு குடுக்கிறார்?” என்று கேட்டாள். இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் அந்த வருடம் கேட்கவில்லை. யூரியாவில் நூற்றில் 46 பங்கு நைதரசன். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து வெல்லமாக்கும் வேலையைத் தொடக்கிவைக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியம் ஒரு புரதம். நைதரசன் இல்லாமல் புரதம் இல்லை. ஒவ்வொரு பச்சைய மூலக்கூறிலும் நான்கு நைதரசன் அணுக்களும் நடுவில் ஒரு மகனீசியம் அணுவும் இருக்கின்றன. பயிர் மஞ்சளாவது இவை குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். காற்றைப் பிடிக்கும் கருவியைச் செய்வதற்கே பசளை தேவைப்படுகிறது, நெல்லின் எடையைச் செய்வதற்கு அல்ல. பசளையைப் ‘பயிரின் சாப்பாடு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆசிரியர்களாவது அந்தச் சொல்லைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

பாடம் ஆங்கிலத்துக்கு மாறும் முதல் தவணையில்தான் இவையெல்லாம் கூடுதலாக மறைந்துபோகின்றன. பிரசாரணம் என்று படித்தது ‘ஒஸ்மோசிஸ்’ ஆகவும், இழைமணி ‘மைட்டோகொண்ட்ரியா’ ஆகவும் மாறும்போது, பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதிய பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்தச் செயன்முறையைப் படித்தாலும், உள்ளே வந்த அணு எது, அது எங்கிருந்து வந்தது, கடைசியில் எங்கே போகிறது என்று உங்கள் வீட்டுப் பேச்சில் அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள். எந்த இடத்தில் வாய் தடுமாறுகிறதோ அந்த இடத்துப் பக்கத்தை ஆங்கிலத்தில் திறந்து வாசியுங்கள்.

தம்பலகாமத்துப் பிள்ளை அடுத்த கிழமை ஒரு பையில் வைக்கோல் கொண்டுவந்தாள். மரத்துக்கு மண் கொடுத்தது சாம்பலில் மிஞ்சும் என்று நான் சொல்லியிருந்ததால், விறகையும் வைக்கோலையும் ஒரே எடையில் உலர்த்தி எரித்துப் பார்ப்போம் என்றாள். பாலை விறகு ஒரு சிட்டிகைச் சாம்பலைத் தந்தது. வைக்கோல் தந்த சாம்பல், எரிக்கும் சிறு கிண்ணமான மூசையின் அடியை நிறைத்து, தண்டின் வடிவம் கலையாமலே நின்றது. வகுப்பு முழுவதும் நான் சொன்னது பிழை என்று ஆரவாரப்பட்டது. நெல் மற்றத் தாவரங்களை விட மிகக் கூடுதலாகச் சிலிக்காவை மண் நீரிலிருந்து எடுத்து, தன் மேற்றோலில் படியவிடும் பயிர். அதனால் வைக்கோலில் சாம்பல் நூற்றில் பத்துப் பங்குக்கு மேலும் போகும். நான் இதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினாள். களை பிடுங்கும்போது நெல் இலை கீறிய மெல்லிய கோடுகள் அதில் இருந்தன. “இதுதானே மிஸ் அது?” என்று கேட்டாள்.