த்ரோம்போசைட்டோபீனியா: ரத்தத்துக்கு வந்த ஏழ்மை

எதிர்வீட்டு அம்மா ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர். மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவர், ஒரு சொல்லில் நின்றுவிட்டார். “தம்பி, இது என்னப்பா, வாயிலேயே நுழையல?”

த்ரோம்போசைட்டோபீனியா. மூன்று கிரேக்கத் துண்டுகளை ஒட்டிய சொல். ‘த்ரோம்போஸ்’ என்றால் உறைந்த கட்டி. ‘கைட்டோஸ்’ என்றால் உள்ளே குடைவான கலம். உயிரியலில் அது செல் ஆனது. (இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் செல்லுக்குப் பெயரே ‘கலம்’தான்!) ‘பீனியா’ என்றால் வறுமை. ரத்தத்தில் எதற்கோ ஏழ்மை வந்துவிட்டது என்கிறது சொல்.

எதற்கு? சிங்கப்பூரில் டெங்கி வந்த வீடுகளில் தினமும் கேட்கும் அதே பிளேட்லெட்டுக்கு, ரத்தம் உறைய உதவும் துணுக்குக்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150,000க்குக் கீழே போனால் இந்தப் பெயர் வைப்பார்கள்.

தமிழில் ‘தட்டணுக் குறைபாடு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த ‘அணு’வோடு ஒரு சின்னச் சண்டை உண்டு. இங்கே அணு என்றால் செல், இவை முழு செல்களே அல்ல. எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து உதிரும் துணுக்குகள், உட்கருகூடக் கிடையாது. ‘ரத்தத் தட்டுக் குறைவு’ போதும். ‘இன்மை’க்குப் பழந்தமிழில் வறுமை என்றும் பொருள், பீனியாவுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் இன்று ‘தட்டின்மை’ என்று எழுதினால், ஒன்றுகூட மிச்சமில்லை என்று நோயாளி பதறிவிடுவார்.

சரி, மாத்திரைக்கு வருவோம். அம்லோடிபின் எடுத்த சிலரிடம் இது பதிவாகியிருக்கிறது, வெள்ளையணுக் குறைவும்தான். தாளில் ‘மிக அரிது’ என்ற வரிசையில் இருக்கும். 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்பது அதன் கணக்கு. அடிக்கடி வருவது கணுக்கால் வீக்கம். தட்டு நிறையக் குறைந்தால் இடிக்காமலே தோல் கன்றும், ஈறு கசியும், குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் அவை மறையாது. அப்படி இருந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவேண்டும். ரத்தத்தை எடுத்து எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

அந்த அம்மா உடனே ஒரு தம்ளரை எடுத்துவந்து, முழங்காலுக்குக் கீழே இருந்த ஒரு சிவப்பில் வைத்து அழுத்தினார். மறைந்தது. கொசுக்கடி.

“அப்ப டெங்கியா தம்பி?” என்றார்.