வாதாம் இலை ஏன் சிவக்கிறது?

காட்பாடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "இலையுதிர் காலத்தில் செக்கச்செவேலென்று மாறும் ஜப்பானிய மேப்பிளை வீட்டு வாசலில் வைக்கலாமா?"

வேண்டாம். குளிர்காலத்தில் உறங்கிப் பழகிய மரம் அது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் இலையோரம் கருகிவிடும். நம் மார்கழிக் குளிரோ அதன் உறக்கத்துக்குப் போதாது. சிவப்புதான் வேண்டுமென்றால், தை, மாசியில் தெருமுனை வாதாங்கொட்டை மரத்தை அண்ணாந்து பாருங்கள்.

பச்சையம் சிதைந்தால் மஞ்சள் வெளியே தெரியும் என்பது பள்ளிப் பாடம். அந்த மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் முன்பே இலையில் இருந்தவை. சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்னும் அந்த நிறமியை, உதிரப்போகிற இலை தன் சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகத் தயாரிக்கிறது. சாகப்போகிற இலைக்கு எதற்கு இந்த அலங்காரம்?

இலையை உதறும் முன் அதிலுள்ள நைட்ரஜனை மரம் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அதற்காக ஒளிச்சேர்க்கை அமைப்பைப் பிரிக்க வேண்டும். ஆனால் வெயில் காத்திருக்குமா? மிச்சமிருக்கும் பச்சையம் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலைச் செலவிட வழி இருக்காது. அது ஆக்சிஜனைத் தீவிரமாக வினைபுரியும் வடிவங்களாக மாற்ற, அவை செல்லையே அரிக்கும். வீடு காலி செய்கிறவர் சாமான் ஏற்றி முடிக்கும்வரை போட்டுக்கொள்ளும் பந்தல்தான் அந்தச் சிவப்பு.

இதை ஃபீல்ட், லீ, ஹோல்புரூக் ஆகிய தாவர ஆய்வாளர்கள் மூவரும் வட அமெரிக்க டாக்வுட் செடியில் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். கடுமையான நீல ஒளியில் வாட்டிய பிறகு, சிவந்த இலைகள் விரைவில் தேறிவிட்டன. மஞ்சள் இலைகள் முழுதாகத் தேறவில்லை. எனக்குப் பிடித்தது அடுத்த படி. அந்தோசயனின் சிவப்பு ஒளியை அவ்வளவாக உறிஞ்சாது. ஆகவே சிவப்பு ஒளியில் வாட்டினால் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருக்கவும் இல்லை! அதே ஆண்டில் ஹாமில்டன், பிரவுன் என்ற உயிரியலாளர்கள் வேறு விளக்கம் தந்தார்கள்: அசுவினிப் பூச்சிகளுக்கு மரம் விடும் எச்சரிக்கையே இந்த நிறம் என்றார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒரு விளக்கு, ஓர் அளவுமானி, ஊரெங்கும் வாதாம் மரம். நம் கல்லூரி ஆய்வகங்களுக்குச் சிறு தொகை கொடுத்தால் இந்தச் சோதனையை இங்கேயே செய்து பார்க்கலாம். கட்டடத் திறப்புவிழாக்களுக்குத்தான் நமக்குப் பணம் கிடைக்கிறது.

வாதாம் பெரிதாகப் படரும். இடம் குறைவென்றால் பூமருது வையுங்கள். உதிரும் முன் அதன் இலையும் சிவக்கும், கோடையில் ஊதாப் பூவும் உண்டு. மதிலை விட்டுத் தள்ளி, முழு வெயில் படும் இடமாகப் பாருங்கள். நிழலில் நிற்கும் இலைக்குப் பந்தல் தேவைப்படாது; நிறமும் மங்கலாகத்தான் வரும்.