பாலை ஊத்துனா டீ எங்க மாப்ள இருக்கு?

பாம்பன் தெற்குவாடியில் வல்லங்கள் கரைக்கு வரும் நேரத்தில் டீக்கடைப் பக்கம் போனால் எங்கள் மாமாவைப் பார்க்கலாம். கையில் பால் இல்லாத டீ. கடலுக்குள் போகும்போது பாலை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தொடங்கிய பழக்கம், கரையிலும் விடவில்லை. நான் ஸ்ட்ராங்காகப் பால் டீ சொன்னால் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"கொஞ்சம் பால் ஊத்திக்கிட்டா என்ன மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாலை ஊத்துனா டீ எங்க மாப்ள இருக்கு?"

வேதியியல்படி அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி.

டீயின் துவர்ப்புக்குக் காரணம் பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள். புரதத்தைக் கண்டால் அவை ஒட்டிக்கொள்ளும். புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதம் என்றால் இன்னும் பிடிக்கும். நம் எச்சிலில் அப்படிப்பட்ட புரதங்கள் உண்டு. வாய் வழுவழுப்பாக இருப்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. பால் சேர்க்காத டீ ஒரு மிடறு போனதும் பாலிஃபீனால்கள் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரளவைத்துவிடும். உடனே நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள், வழுக்காமல் இழுக்கும். நாவல்பழம் தின்றபிறகும் இதே கதைதான். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பைச் சேர்த்திருக்கிறோம். உண்மையில் அதில் சுவையைவிடத் தொடு உணர்ச்சிதான் அதிகம்.

பாலில் என்ன நடக்கிறது? பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அதிலும் புரோலின் நிறைய. டம்ளரிலேயே பாலிஃபீனால்கள் கேசீனைப் பிடித்துக்கொள்வதால், வாய்க்கு வரும்போது எச்சிலைப் பிடிக்க அவற்றில் பெரும்பகுதிக்குக் கை ஒழிவதில்லை. துவர்ப்பு அடங்குகிறது. டீ எங்கேயும் போகவில்லை மாமா, பாலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. கஃபீனும் அப்படியே இருக்கிறது.

நம் கடைகளில் போடுவது பெரும்பாலும் சிடிசி தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த முறை 1930-களில் அசாமில் வந்தது. பொடி சின்னது என்பதால் சாறு சட்டென்று இறங்கும், கடுமையாகவும் இறங்கும். பாலைத் தாங்குவதற்கென்றே ஆன தூள் என்பேன். அதைக் காலையிலிருந்து துணி வடிகட்டியில் ஊறவிட்டு, அதில் பால் இல்லாமல் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு "எனக்கு இது ஆகாது" என்பவர்கள் நிறையப் பேர். குற்றம் டீயில் இல்லை, ஊறிய நேரத்தில்.

அப்புறம் தண்ணீர். காவிரித் தண்ணீர் குழாயில் வருமுன் இந்தக் கரையோரம் பல வீடுகளில் உவர்ப்புக் கிணறுதான். சோடியத்துக்குக் கசப்பை மட்டுப்படுத்தும் குணம் உண்டு. அதனால் லேசாக உப்புக்கரித்த தண்ணீரில் போட்ட டீ அவ்வளவு கசக்காது. அந்தக் காலத்து டீயின் ருசியே வேறு என்று மாமா சொல்வது வெறும் பழம்பெருமை இல்லை. ஆனால் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீர் என்றால் டீ கறுத்து, மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும். அதில் எலுமிச்சை இரண்டு சொட்டு விடுங்கள்: கருஞ்சிவப்பு கண்ணெதிரே தேன் நிறமாக வெளுக்கும். டீயின் நிறமிகள் புளிப்புக்கு ஏற்றபடி நிறம் மாறுபவை. பால் டீயில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். புளிப்பு ஏறினால் கேசீன் திரிந்துவிடும். சாயல்குடிக் கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சிலசமயம் திரிவதற்கும் அதிலுள்ள அமிலமும் உப்புகளும்தான் காரணம். அடுப்பை அணைத்துவிட்டுக் கருப்பட்டிப் பாகைச் சேர்ப்பது அத்தைக்குத் தெரிந்த வித்தை.

சரி, ஒருவருக்குப் பிடிப்பது இன்னொருவருக்கு ஏன் பிடிக்கவில்லை? எச்சில் சுரக்கும் அளவும் அதிலுள்ள புரதமும் ஆளுக்கு ஆள் வேறு. கசப்பை உணரும் மரபணுக்களும் வேறு. மீதி பழக்கம். மண்டபம் முகாமில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இஞ்சி தட்டிப் போட்டுப் 'பிளேன்டீ' குடிப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் டீ.

நான் இன்னும் பால் டீதான். தெற்குவாடியில், கடைக்காரர் பழைய சக்கையை உதறிப் புதுத்தூள் போடும் நேரமாக இருந்தால் மட்டும், மாமாவோடு சேர்ந்து பால் இல்லாமல் ஒன்று.