தோளில் இருக்கும் 'கட்டி' அழுத்தினால் உடையுமா?

"சார், இந்த இடத்துல ஒரு கட்டி இருக்கு. நல்லா அழுத்தி உடைச்சு விடுங்க."

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டி இப்படிக் கேட்பவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருப்பதால், அவர்களில் பலர் தையல் மெஷினில் உட்காருபவர்கள். சென்ற ஆண்டு வந்த ஓர் அக்கா ஓவர்லாக் டெய்லர், அதாவது துணியின் ஓரத்தைப் பின்னித் தைக்கும் மெஷினில் வேலை. ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை 8.30க்கு உட்கார்ந்தால் இரவு 8.30. என்னிடம் வருவதற்கு முன் வேறொருவரிடம் போய், முழங்கையால் அழுத்தி 'எடுத்து' வந்திருந்தார். வலி மூன்றாம் நாளே திரும்பிவிட்டது. தோளில் கன்றிய நீலம் மட்டும் மறையவில்லை.

அந்த இடத்தில் உடைக்க வேண்டிய கட்டி எதுவும் இல்லை. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஆட்டுக்கறிதான் உதவியது. கறி நறுக்கும்போது மேலே வெள்ளையாக, வழவழவென்று ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டு வரும் இல்லையா? அதுதான் ஃபேசியா என்ற இணைப்புத்திசு. நம் உடம்பிலும் அது தசையின் மேல் மட்டும் இல்லை. தசைக்குள் இருக்கும் ஒவ்வொரு நார்க்கற்றைக்கும், கற்றைக்குள் ஒவ்வொரு நாருக்கும் உறை போட்டிருக்கிறது. பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். நரம்பு முனைகள் நிறைய உண்டு, அதனால் வலியை நன்றாகவே உணரும்.

இந்த உறைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். அதற்கு எண்ணெய் போல நடுவில் இருப்பது ஹையலூரோனான். அசைவு குறைந்தால் இது கெட்டியாகி வழுக்கல் குறைகிறது என்று இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஃபேசியாவை ஆராயும் கார்லா ஸ்டெக்கோ குழுவினர் விளக்குகிறார்கள். ஓவர்லாக்கில் கை ஓடிக்கொண்டே இருந்தாலும் தோள் அசைவதில்லை. கையைத் தாங்கிப் பிடித்தபடி அந்தத் தசை கொஞ்சமாக, ஆனால் விடாமல் நாள் முழுக்க இறுகியே இருக்கிறது.

விரலுக்குத் தட்டுப்படும் அந்த முடிச்சை 'ட்ரிகர் பாயின்ட்' என்று பரவலாக அறியச் செய்தவர், அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல். அதற்குள் சரியாக என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் ஒன்று நிச்சயம், பலத்தால் அது உடையாது. 2008இல் வெளியான ஒரு கணக்கீட்டு ஆய்வு, உள்ளங்காலிலும் வெளித்தொடையிலும் இருக்கும் தடித்த ஃபேசியாவை 1 சதவீதம் அழுத்திச் சுருக்குவதற்கே கையால் கொடுக்க முடியாத அளவு விசை வேண்டும் என்று காட்டியது.

அப்படியானால் அழுத்தியதும் சுகமாக இருக்கிறதே, எப்படி? தொடுகையை உணர்ந்த நரம்பு மண்டலம் கொஞ்ச நேரம் தசையைத் தளரவிடுகிறது. அதற்கு மிதமான அழுத்தமே போதும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் முழுப் பலத்தோடுதான் அழுத்தினேன். எத்தனையோ பேரை வீணாக நோகடித்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த அக்காவுக்கு முதலில் மாற்றியது உட்காரும் உயரத்தைத்தான். ஸ்டூலில் ஒரு பலகை போட்டதும் தோள் தூக்கிக்கொள்வது குறைந்தது. அப்புறம், ஒவ்வொரு பண்டில் (தைக்க வரும் துணிக்கட்டு) முடிந்ததும் தோளைக் காதுவரை தூக்கி, மூச்சை விட்டபடி மெதுவாக இறக்குவது, பத்து முறை. இரவில் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, மூச்சு இயல்பாக வரும் அளவுக்கு மட்டும் சாய்ந்து நிற்பது. மூச்சைப் பிடிக்க வைக்கும் அழுத்தம் அதிகப்படியான அழுத்தம். இரண்டாவது வாரத்திலிருந்து, கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு தோளைத் தூக்கி இறக்கினார். வலிக்கிற தசைக்கு ஓய்வுதானே வேண்டும் என்று தயங்கினார். நாள்பட்ட இறுக்கத்துக்குப் பளுவைப் படிப்படியாக ஏற்றும் பயிற்சிதான் நெடுநாள் பலன் தருகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தால், தடவ ஆள் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தோள் வலித்தால் 108ஐ அழையுங்கள். 'வாயுப்பிடிப்பு' என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

அந்த அக்காவுக்கு ஆறு வாரத்தில் தூக்கம் சரியானது. வலி அடியோடு போகவில்லை. ஏற்றுமதி அவசரத்தில் நைட் பார்க்கும் வாரங்களில் எட்டிப் பார்க்கிறது. அப்போது பந்தும் பாட்டிலும் வைத்து அவரே இரண்டு மூன்று நாளில் அடக்கிவிடுகிறார்.