பி படம்: தமிழில் துணைப்படம்

படத் தயாரிப்பு நிறுவனங்களான ஸ்டுடியோக்கள் ஹாலிவுட்டில் கோலோச்சிய காலத்தைப் பற்றிய எழுத்துகளில் ‘பி படம்’ என்ற சொல் அடிக்கடி வரும்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கு கேள்வி. இதிலுள்ள ‘பி’ மட்டத் தரத்தைக் குறிக்கிறது என்றும், பட்ஜெட் என்பதன் முதலெழுத்து என்றும் கருதுவோர் உண்டு, இரண்டுமே பிழை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கூட்டம் குறைந்து தவித்த அமெரிக்கத் திரையரங்குகள், ஒரே சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டும் வழக்கத்தைக் கைக்கொண்டன. பெரிய நட்சத்திரங்கள் நடித்த முதன்மைப் படம் ‘ஏ’ எனவும், அதனுடன் ஓடிய சிறிய படம் ‘பி’ எனவும் வழங்கின. எழுத்து குறித்தது வரிசையை மட்டுமே. ஆனால் ‘ஏ’ படத்துக்கு வசூலில் பங்கும், ‘பி’ படத்துக்குப் பெரும்பாலும் முன்பே பேசிய வாடகையும் கிடைத்ததால், பின்னதில் லாபம் காணச் செலவைச் சுருக்குவதே வழியாயிற்று.

இந்தக் கணக்குக்கு வாகாக அமைந்தது இல்லற நகைச்சுவை. ஒரு வீடு, ஒரு தெரு, ஓர் அலுவலகம் என அரங்கை ஒருமுறை அமைத்துவிட்டால் அதே நடிகர்களைக் கொண்டு அடுத்தடுத்த படங்களையும் எடுக்கலாம். 1930இல் தொடங்கிய சித்திரக்கதையிலிருந்து கொலம்பியா நிறுவனம் எடுத்த ‘பிளாண்டி’ வரிசையில், 1938 முதல் 1950 வரை பென்னி சிங்கிள்டனும் ஆர்தர் லேக்கும் தம்பதியராக 28 படங்களில் நடித்தனர். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கணவன் வாசலில் பாய்ந்தோடித் தபால்காரரை மோதித் தள்ளும் காட்சியை மக்கள் மீண்டும் மீண்டும் ரசித்தனர். மறுபயன்பாடு சிக்கனம்தான், ஆயினும் பழகிய வீட்டுக்குள் நுழையும் நெருக்கத்தையும் அதுவே தந்தது என்பது என் கருத்து.

ஆகவே ‘இரண்டாம்தரப் படம்’ என்ற மொழிபெயர்ப்பை ஏற்க இயலவில்லை. அது வரிசையைத் தரமாக்கிவிடுகிறது. ‘குறைந்த செலவுப் படம்’ என்பதோ, முதன்மைப் படத்துடனான உறவைச் சொல்லாமல் விடுகிறது. பாடநூலில் துணைப்பாடம் இருப்பதுபோல், இதைத் துணைப்படம் எனலாம். துணைப்பாடக் கதைகளை யாரும் மட்டம் என்பதில்லை. இருபடங்களும் சேர்ந்த நிகழ்ச்சியை ‘இருபடக் காட்சி’ எனலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களின் திரையரங்கு ஆதிக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, தொலைக்காட்சியும் பரவிய பின்னர் இந்த ஏற்பாடு தளர்ந்தது. ‘பி படம்’ என்பது மலிவான திகில் படங்களுக்கும் அறிவியல் புனைவுப் படங்களுக்கும் பெயராக நீண்டது. அப்பொருளில் வருமிடத்தில் துணைப்படம் பொருந்தாது; மலிவுத் தயாரிப்பு என்றே எழுத வேண்டும்.