ஒரே நாற்பது கிராம், இரண்டு உடம்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானும், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என் தம்பியும் ஒரே நாளில் கீட்டோ ஆரம்பித்தார்கள், அதாவது மாவுச்சத்தை மிகக் குறைத்து உடம்பைக் கொழுப்பில் ஓட வைக்கும் உணவுமுறை. இருவருக்கும் ஒரே கணக்கு, நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்து. பத்து நாள் கழித்து விரலில் குத்தி, கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோனைப் பார்த்தால் லிட்டருக்குத் தம்பிக்கு 0.9 மில்லிமோல், மச்சானுக்கு 0.2. பொதுவாக 0.5 தாண்டினால்தான் கீட்டோ நிலை என்பார்கள். "ஒரு தட்டுவடை செட் கூடத் தொடல மாப்ள" என்றார் மச்சான். அவர் சொன்னது உண்மை. கணக்குதான் அவருக்குப் பொருந்தவில்லை.

கொழுப்பு செல்களிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளியே வந்து, கல்லீரலுக்குப் போய்க் கீட்டோனாக மாற வேண்டும். அதைத் தடுப்பது இன்சுலின். சர்க்கரையைத் தசைக்குள் தள்ள வேண்டிய அளவைவிட மிகக் குறைந்த இன்சுலினே கொழுப்பைப் பூட்டி வைக்கப் போதும். பூட்டை மீறிக் கொழுப்பு கசிந்து வந்தாலும், கல்லீரலில் அதைக் கீட்டோனாக்கும் பாதையையும் இன்சுலின் மறிக்கிறது. ஆக, எத்தனை கிராம் சாப்பிட்டோம் என்பதைவிட, அதற்காகச் சுரந்த இன்சுலின் எவ்வளவு, எப்போது தணிந்தது என்பதே முக்கியம்.

இரண்டு இட்லியில் ஏறக்குறைய 16 கிராம் மாவுச்சத்து. தம்பியின் உடம்பு இன்சுலின் சொன்னதை உடனே கேட்கும். கொஞ்சம் சுரந்தாலே சர்க்கரை இறங்கிவிடும், இன்சுலினும் தணிந்துவிடும். இன்சுலின் சொன்னதை உடம்பு எளிதில் கேட்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கு அதே இட்லிக்குக் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். அது தணிவதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு வந்துவிடும். தெற்காசியர்களான நமக்கு, பார்க்க ஒல்லியாக இருந்தாலும் இந்த எதிர்ப்பு எளிதில் வந்துவிடுகிறது.

இன்னொன்று, தம்பி நாள் முழுக்கத் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குகிறவன். சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். மச்சானோ காலை முதல் இரவு வரை உட்கார்ந்த இடத்திலேயே வேலை.

கீட்டோவில் 20 முதல் 50 கிராம் என்று சொல்லும் வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பது இதனால்தான். மச்சானை 20-க்கு இறக்கினோம். அது எவ்வளவு சின்ன அளவு என்றால், நம் ஊர் ஜவ்வரிசி வெறும் 25 கிராம் சாப்பிட்டாலே அந்த நாளின் கணக்கு முடிந்துவிடும். அப்புறம், சாப்பிட்டதும் அரை மணி நேர நடை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. சில மருந்துகளால் சர்க்கரை சட்டென்று விழுந்துவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு கீட்டோ சேர்ந்தால், ரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. அதில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலும் இருக்கலாம் என்பதால் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

வரம்பு நிலையானதும் இல்லை. எடை இறங்கி, நடை பழகினால் இன்சுலின் உணர்திறன் கூடும். மாம்பழ சீசன் வந்தபோது மச்சான் ஐம்பது கிராம் மல்கோவாத் துண்டு ஒன்று சாப்பிட்டார், ஏழெட்டு கிராம் மாவுச்சத்து. மறுநாள் காலை மீட்டர் 0.6 காட்டியது.