நியாயமான ஏற்பாடு: தங்குமிடமும் அல்ல, சலுகையும் அல்ல

சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தின் வேலை விண்ணப்பப் படிவம் தமிழில் சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்தது. உடற்குறையுள்ளோருக்கான பகுதியில் இப்படி ஒரு கேள்வி: ‘உங்களுக்கு நியாயமான தங்குமிடம் தேவையா?’ ஆங்கிலத்தில் இருந்தது ‘ரீசனபல் அக்கொமடேஷன்’. அக்கொமடேஷன் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தங்குமிடம்தான். அதையே எடுத்துப் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் ‘தங்குமிடம்’ என்றதும் ஊழியர் விடுதியும் அதில் ஒரு கட்டிலும்தான் கண்ணுக்குத் தெரியும். காது கேளாத ஒருவர், ‘எனக்குத்தான் ஈசூனில் வீடு இருக்கிறதே’ என்று ‘தேவையில்லை’யில் குறியிட்டுவிட்டுப் போவார். நேர்காணலுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க அவருக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

சரி, அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? உடற்குறையுள்ளோரின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை இதை இரண்டாம் பிரிவிலேயே வரையறுக்கிறது. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமைகளைப் பெற, அவருடைய நிலைமைக்குத் தேவையான பொருத்தமான மாற்றத்தைச் செய்து கொடுப்பது. செய்பவருக்கு அது அளவுக்கு மீறிய சுமையாகக் கூடாது. சிங்கப்பூர் இந்த உடன்படிக்கையில் 2012இல் கையெழுத்திட்டு, 2013இல் அதை உறுதிப்படுத்தியது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து ‘கொம்மோடுஸ்’, அளவுக்குப் பொருந்தியது. அதிலிருந்து ‘அக்கொமொடாரே’, பொருந்தச் செய்வது. தங்க இடம் தருவது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம்முடைய ‘வசதி’ இதற்கு நேர் எதிராக நடந்து வந்த சொல். வடமொழியில் ‘வஸ்’ என்றால் வசிப்பது, ‘வசதி’ என்றால் குடியிருக்கும் இடம். தமிழில் புழங்கிப் புழங்கித்தான் அது சௌகரியம் என்று ஆனது. ஒன்று பொருத்தத்தில் தொடங்கி வீட்டுக்குப் போனது. இன்னொன்று வீட்டில் தொடங்கிச் சௌகரியத்துக்கு வந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

அப்படியானால் ‘நியாயமான வசதி’ என்றே எழுதலாமே? பலர் எழுதுகிறார்கள், தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ‘வசதியான குடும்பம்’ என்கிறோம், ‘வசதி குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறோம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்ற நிறம் அந்தச் சொல்லில் படிந்திருக்கிறது. ‘சலுகை’ இன்னும் மோசம். கொடுப்பவர் மனம் வைத்தால்தான் சலுகை. அமெரிக்காவில் 1972இல் குடிமை உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது ‘ரீசனபல் அக்கொமடேஷன்’ என்ற கருத்து ஊழியர்களின் சமய வழக்கங்களுக்காகச் சட்டத்தில் ஏறியது. உடற்குறையுள்ளோருக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக எடுத்துக்கொண்டது. நம் அலுவலகங்களில் முஸ்லிம் ஊழியர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய் வருகிறார். அதை யாராவது சலுகை என்கிறோமா? நேரத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அதனால் நான் ‘ஏற்பாடு’ என்றே எழுதுகிறேன். அதற்குள் ‘ஏல்’ என்ற வினை இருக்கிறது. ஏற்றுக்கொள்வதும் அதுதான், ‘ஆளுக்கேற்ற சட்டை’ என்னும்போது பொருந்துவதும் அதுதான். லத்தீன் சொல்லின் உயிர் அப்படியே இருக்கிறது. ‘நியாயமான’ என்பதை மாற்றத் தேவையில்லை. ‘நியாயமான விலை’ என்றால் மிகையில்லாத விலை. ‘அளவுக்கு மீறிய சுமையாகக் கூடாது’ என்ற நிபந்தனையும் அதில் அடங்கிவிடுகிறது.

இதை ‘அணுகல்தன்மை’யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘அணுகு’ பழைய சொல், 691ஆம் குறளில் ‘அகலாது அணுகாது’ என்று வருகிறது. அணுகல்தன்மை எல்லாருக்காகவும் முன்கூட்டியே கட்டி வைப்பது. சாய்தளம், மின்தூக்கி, அகலமான கழிவறை. இங்கே கட்டடங்களுக்கு அதற்கான விதித்தொகுப்பு 1990 முதலே உண்டு. ஏற்பாடு ஒருவருக்காக, அவரைக் கேட்டுச் செய்வது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்த விதிகளைப் பின்பற்றியதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வரும் ஓர் அக்கா, தேநீர் போடும் அறைக் கதவுக்கு வெளியே யாராவது வரும்வரை காத்திருப்பார். தானாக மூடிக்கொள்ளும் கதவு. ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை உருட்ட முடியாத அளவுக்கு விறைப்பு. இரண்டு ஆண்டுகள் நாங்கள் எல்லாரும் கதவைத் திறந்துவிட்டு, உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவரே பராமரிப்பு ஊழியரைக் கூப்பிட்டார். வந்தவர் கதவின் மேலிருந்த கருவியின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நியாயமான ஏற்பாடு என்றால் அந்தத் திருகாணிதான் என் நினைவுக்கு வரும்.

பெரிய செலவு வந்தாலும் வழி இருக்கிறது. லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் என்ற சமூக மையத்தை நடத்தும், உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு மூலம், வேலையை மாற்றி அமைக்கவும் கருவிகள் வாங்கவும் நிறுவனங்கள் மானியம் பெறலாம். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும் உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகை செய்கிறது. ஆனால் இத்தகைய ஏற்பாட்டைக் கட்டாயமாக்கும் பிரிவு அதில் இல்லை. அது என் வருத்தம்.

தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளி’ என்பார்கள், இங்கே ‘உடற்குறையுள்ளோர்’ என்பது வழக்கம். எதை எழுதினாலும் கேள்வி புரிய வேண்டும். அந்தப் படிவத்தில் நான் திருத்திக் கொடுத்தது இது: ‘நேர்காணலுக்கோ வேலைக்கோ உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா? எ.கா.: சைகைமொழி பெயர்ப்பாளர், பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள், கூடுதல் நேரம்.’ கீழே எழுதுவதற்கு மூன்று வரி இடமும் விடச் சொன்னேன்.